ஒரே ஒயரில் இரண்டு தெரு

எல்லார் வீட்டுக்குள்ளும் ஒயரோடு நுழைகிற தொழில் ஊரில் இரண்டுதான், ஒன்று கரண்ட், இன்னொன்று கேபிள். கரண்ட்டுக்குக் கட்சி இருப்பதாக மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் கேபிள்காரன். கூத்தாநல்லூருக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். பதினோரு வருஷம் சவூதியில் ஏ.சி. ரிப்பேர் பார்த்துவிட்டு, இனிமேல் சொந்த ஊரில் நிம்மதியாக இருக்கலாம் என்று வந்து இந்தத் தொழிலை எடுத்தேன். நிம்மதியாம் நிம்மதி! என் கண்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் மெயின் ஒயர் முதலில் மேலத்தெருவுக்குப் போகும், அங்கிருந்து வளைந்து பள்ளிவாசல் தெருவுக்கு வரும். சாயங்காலம் ஆனால் மேலத்தெருவில் ஒரு சேனலில் ஒருவர் கத்துவார். அதே நேரம் பள்ளிவாசல் தெருவில் வேறு சேனலில் வேறொருவர் கத்துவார். இவர் கத்துவதை அவர்கள் கேட்பதில்லை, அவர் கத்துவதை இவர்கள் கேட்பதில்லை. இரண்டையும் கேட்டுத் தொலைக்கிறவன் நான் ஒருத்தன்தான், ஏனென்றால் படம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமே.

என் பயம் ஒன்றே ஒன்று. என்றைக்காவது இந்த ஒயர் வழியாக வருகிற ஏதோ ஒன்றை நம்பி இரண்டு தெருவும் அடித்துக்கொள்ளும், பழி ஒயர் இழுத்தவன் தலையில் விழும். கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக இருந்தே ஆகவேண்டிய சக பாவிகள் எல்லாருக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம்பர் மாறிய அன்று

கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சேனல் நம்பர்களைக் குலுக்கிப் போடுவார்கள். எதற்கு மாற்றினார்கள், யாரைக் கேட்டு மாற்றினார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் டி.வி.யைப் போட்டால்தான் எனக்கே தெரியும். அப்படி ஒரு தடவை மேலத்தெரு சபாபதி சார் பார்க்கும் செய்திச் சேனல் முன்வரிசையிலிருந்து பஜனைச் சேனலுக்கும் பொருள் விற்கிற சேனலுக்கும் நடுவில் போய் ஒளிந்துகொண்டது. சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். என் தம்பிக்குப் பாடம் எடுத்தவர். சத்தம் போடவே மாட்டார். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

வீட்டுக்கு வரச் சொல்லிக் காபி கொடுத்தார். நான் ரிமோட்டை வாங்கிப் புது நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இது கம்பெனி செய்வது, எங்கள் கையில் ஒன்றுமில்லை, வேண்டுமானால் கம்பெனிக்கு எழுதிப்போடலாம், அதற்கென்று விதியெல்லாம் இருக்கிறது என்று விளக்கினேன். சார் பொறுமையாகக் கேட்டார். காபி ஆறிப்போயிற்று, எனக்குக் குடிக்கவே தோன்றவில்லை. அப்புறம் சொன்னார்: "நீங்க தூக்கினீங்கன்னு நான் சொல்லவே இல்ல பாய். தூக்கினது தெரிஞ்சப்ப மனசுக்குள்ள சந்தோஷப்பட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

வைக்கோல் லாரி

சம்பா அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்தில் கேபிள்காரனுக்குத் தூக்கம் போய்விடும். வைக்கோல் லாரி வரும். லாரி என்றா சொன்னேன், அது நடமாடுகிற மச்சுவீடு. வளைவில் திரும்பும்போது என் மெயின் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தமாதிரி அறுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். டிரைவருக்குத் தெரியவும் தெரியாது.

அன்றைக்கு ஒரு கட்சித் தலைவரின் மாநாட்டுப் பேச்சு நேரலை. அவர் எழுந்து மைக்கைப் பிடித்த நிமிஷம் பார்த்து ஒயர் போயிற்று. பத்து நிமிஷத்தில் மூன்று பைக் என் வாசலில் வந்து நின்றது. எல்லாம் தெரிந்த பிள்ளைகள்தான், நேற்றுவரை "பாய், நல்லாருக்கீங்களா" என்று கேட்டவர்கள். இன்றைக்கு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். கூட்டிக்கொண்டு போய் வளைவில் தொங்குகிற ஒயரைக் காட்டினேன். அறுந்த முனையில் வைக்கோல் கொத்தாகச் சிக்கியிருந்தது. 'பாருங்கப்பா, லாரி வேலை' என்றேன். அதில் ஒருத்தன் குனிந்து அந்த வைக்கோலை உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதை நீங்களே சொருகல்லன்னு என்ன நிச்சயம்?"

ஒருநாள் தடை

ஒரு சேனல் ஏதோ விதியை மீறிவிட்டது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஒருநாள் ஒளிபரப்பு கிடையாது. என்ன விதி, என்ன மீறல் என்று எங்கள் கம்பெனியின் குறுஞ்செய்தியில் இல்லை. டி.வி.யில் அந்த நம்பரைப் போட்டால் நீலத் திரை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தேன். ஒரு மேஜையில் கைதட்டினார்கள். இன்னொரு மேஜையில் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஐயையோ, இங்கேயே ஆரம்பித்துவிட்டதே என்று நான் பாதி பஜ்ஜியோடு வெளியே வந்துவிட்டேன்.

டீக்கடை ராஜேந்திரனுக்குக் கட்சி கிடையாது. அந்தச் சேனலைப் போட்டு வைத்துக்கொண்டு, "புளுகுறான் பாருங்க" என்று வியாபாரத்துக்கு நடுவே திட்டிக்கொண்டிருப்பவர். தடை முடிந்த மறுநாள் போனேன். சத்தத்தைக் கூட்டி வைத்து, வாய் திறக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன அண்ணே, திட்டவே இல்லையே என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சும்மாவா தடை போடுவாங்க? இனிமே இவன் சொல்றதெல்லாம் நெசம்."

வாழ்த்துரை

எனக்கென்று ஒரு உள்ளூர்ச் சேனல் இருந்தது. பெரிசாக நினைத்துவிடாதீர்கள். தேர்த் திருவிழா, தர்கா கந்தூரி, கல்யாண வீடியோ, மேட்டூர்த் தண்ணீர் என்றைக்கு நம் வாய்க்காலுக்கு வரும் என்கிற அறிவிப்பு, அப்புறம் மரண அறிவிப்பு. அதிகம் பார்க்கப்பட்டது மரண அறிவிப்புதான். ஊருக்குள் அழுகைச் சத்தமோ ஆம்புலன்ஸ் சத்தமோ கேட்டால், யார் என்று பார்க்க இரண்டு தெருவும் என் சேனலுக்குத்தான் வரும்.

தேர்தல் நேரத்தில் ஒரு கல்யாண வீடியோ போட்டேன். பெண்ணைப் பெற்றவர் செல்வாக்கானவர், வேட்பாளரே வந்து வாழ்த்தியிருந்தார். வாழ்த்தினவர் சும்மா வாழ்த்தியிருக்கக் கூடாதா? மணமக்கள் பதினாறும் பெற வேண்டும், நீங்கள் எல்லாரும் நம் சின்னத்தை மறக்கக் கூடாது என்று முடித்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கவில்லை. கல்யாண வீடியோவில் தாலி கட்டி முடிந்தபின் எவன் உட்கார்ந்து பார்க்கிறான்? எதிர்க்கட்சிக்காரர் பார்த்திருக்கிறார். தேர்தல் கமிஷனிடம் சான்றிதழ் வாங்காத விளம்பரம் என்று புகார். ஜீப் வந்தது. என் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சீல் வைத்துக்கொண்டு போனார்கள். என் மனைவி சலீமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

விசாரித்த அதிகாரி நல்ல மனுஷர். திட்டவில்லை, உட்காரச் சொன்னார். "கோயில், கல்யாணம், சாவு. இதோட நிறுத்திக்கங்க. ஊர் விவகாரம், அரசியல் எதுவும் உங்க சேனல்ல வரக் கூடாது, வந்தா அடுத்த தடவை நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தினமும் சாயங்காலம் அத்தனை சேனலிலும் மதத்தையும் சாதியையும் இழுத்துப்போட்டுக் கத்துகிறார்களே சார், அவர்களை யார் கேட்பது என்று கேட்டுவிட்டேன். பேனாவை மூடிப் பைக்குள் சொருகிக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு அவங்களே கமிட்டி. உங்களுக்கு நாங்க கமிட்டி."

தொப்பி

கலியமூர்த்திக்கும் ஹாஜா மொய்தீனுக்கும் அடுத்தடுத்த வயல். ஒரே வாய்க்கால், தண்ணீர் திறந்துவிட ஒரே ஷட்டர். முறைத் தண்ணீர் விடுகிற காலத்தில் இவருக்கு ஒருநாள், அவருக்கு ஒருநாள். யார் முதலில் ஷட்டரைத் தூக்கினார்கள் என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போவார். அதை யாரும் சண்டையில் சேர்ப்பதில்லை.

இந்தத் தடவை எவனோ அதைச் செல்போனில் எடுத்துவிட்டான். எடுத்ததைப் பாதியில் வெட்டி அனுப்பியும் விட்டான். வீடியோவில் கலியமூர்த்தி கையை ஓங்கிக் கத்துகிறார், ஹாஜா மொய்தீனின் வெள்ளைத் தொப்பி வாய்க்காலில் விழுகிறது, முடிந்தது. மறுநாள் மதியம் பெரிய சேனல் ஒன்றில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. பெயருக்குக் கீழே 'மோதல்' என்று சிவப்பு எழுத்து. தொப்பி விழுகிறது, விழுகிறது, திரும்பத் திரும்ப விழுகிறது. இடையில் நாலு பேர் நாலு பெட்டிக்குள் உட்கார்ந்து எங்கள் ஊரைப் பற்றிக் கத்துகிறார்கள். அதில் ஒருத்தருக்கும் எங்கள் ஊருக்கு எந்த பஸ் வரும் என்றுகூடத் தெரியாது.

இரண்டு மணிக்கெல்லாம் கடைகளைச் சாத்த ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு கேமராக்காரர் சாத்திய கடைகளை எடுத்து அனுப்பினார். 'பதற்றம், கடையடைப்பு' என்று அதுவும் டி.வி.யில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு மீதிக் கடைகளும் சாத்தின. தன் தெருவைத் தன் வீட்டு டி.வி.யில் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிற ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மேலத்தெரு முனையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள், பள்ளிவாசல் தெரு முனையிலும் பத்துப் பேர். யார் கையிலும் ஒன்றும் இல்லை, ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். இத்தனையும் என் ஒயரில் வந்தது. அந்த ஒரு சேனலை மட்டும் நிறுத்த என்னால் முடியாது. நிறுத்தினால் மொத்தமும் நிற்கும். நின்றால் கேபிள் பாய் எதையோ மறைக்கிறார் என்று ஆகிவிடும். யா அல்லாஹ், இதற்குத்தானா ஊருக்கு வந்தேன் என்று மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்போது சலீமா உள்ளே வந்து, சொன்னாள்: "போன் பண்ணிக் கேட்டேன், ரெண்டு தெருவுலயும் எல்லாரும் நம்ம சேனலைத்தாங்க வெச்சிருக்காங்க. யார் செத்தான்னு பேர் வருதான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க."

நேரலை

அவள் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. இரண்டு தெருவும் ஒரே சேனலைப் பார்க்கிறது! அதுவும் இந்த நேரத்தில்! பின்கட்டு வழியாகப் பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கலியமூர்த்தி ஷட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஹாஜா மொய்தீன் வரப்பில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் டி.வி. பார்க்கவில்லை. ஊர் பற்றி எரியப்போகிற சேதி அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது.

இருவரையும் பைக்கில் ஏற்றி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று திட்டிக்கொண்டே உட்கார, ரூமுக்குக் கொண்டுவந்தேன். சேற்றுக்காலோடு கல்யாண வீடியோ எடுக்கிற கேமரா முன்னால் உட்கார வைத்தேன். அதிகாரி சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. அடுத்த தடவை காப்பாற்ற முடியாது என்று சொன்னாரே, அந்த அடுத்த தடவை இதுதான் என்று தெரிந்தேதான் சுவிட்சைப் போட்டேன். நேற்று என்ன நடந்தது, ஊருக்குச் சொல்லுங்கள் என்றேன்.

"என்ன நடந்துச்சா? செவ்வாக்கெழமதான் இவரு மொற. இவரு திங்கக்கெழம சாயங்காலமே ஷட்டரைத் தூக்கிட்டாரு" என்று கலியமூர்த்தி ஆரம்பித்தார். "நாத்து கருகுதுய்யா! உன் வயல்ல வாத்து நீந்துற அளவுக்கு நிக்குது தண்ணி" என்றார் ஹாஜா மொய்தீன். வாத்து யாருடையது என்று ஒரு சண்டை, போன வருஷம் வரப்பை யார் அரை அடி தள்ளி வெட்டினார் என்று ஒரு சண்டை. கால் மணி நேரம். வெளியே முதலில் ஒரு கடை திறக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று. எங்கோ ஒரு வீட்டில் பெண்கள் சிரித்தார்கள். நான், தொப்பி எப்படி விழுந்தது என்று கேட்டேன். "குனிஞ்சேன், விழுந்துச்சு. இவன்தான் எறங்கி எடுத்துக் குடுத்தான். எடுத்துக் குடுத்துட்டு மறுபடியும் திட்டுறான்" என்றார் ஹாஜா மொய்தீன். கலியமூர்த்தி கேமராவை நேராகப் பார்த்தார்: "பின்ன? தொப்பி வேற, தண்ணி வேற."

விசாரணை

மறுநாள் அந்தப் பெரிய சேனலில், சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி ஓடியதாம். நான் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருத்தர் சொன்னார், அவரும் பாதிதான் படித்தாராம். எனக்கு நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. அனுமதியின்றி ஊர் விவகாரத்தை நேரலை செய்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

அதே அதிகாரிதான். பதிவை முழுக்கப் போட்டுப் பார்த்தார். வாத்து வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கலியமூர்த்தியும் ஹாஜா மொய்தீனும் சலவை வேட்டி கட்டி, கேட்காமலேயே சாட்சிக்கு வந்து வாசலில் நின்றார்கள். அதிகாரி அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். நீங்கள் செய்தது நல்ல காரியம் என்று என்னிடம் வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, விதியில் நல்ல காரியத்துக்கு என்று ஒரு வரி இல்லையே என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கேபிள் லைன் ஓடலாம், எல்லாச் சேனலும் வரலாம். என் உள்ளூர்ச் சேனல் மட்டும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தம்.

பிழைப்பு போகவில்லை, ஜெயிலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று படியிறங்கினேன். ஆனால் பழைய பயம் அப்படியே இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் நின்றோம். எதிர்க்கடை டி.வி.யில் நாலு பெட்டிக்குள் நாலு பேர் வேறு ஏதோ ஊரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி அதை ரொம்ப நேரம் பார்த்தார். ஹாஜா மொய்தீன் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அப்புறம் கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார். அந்த மனுஷர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். "அடுத்த தடவை எவனாவது கெளப்பிவிட்டான்னா, நாங்க ரெண்டு பேரும் எங்க உக்காந்து சண்டை போடறது பாய்?"

இப்போது என் ஒயரில் முந்நூற்றுச் சொச்சம் சேனல் வருகிறது, எங்கள் ஊர் ஒன்றுதான் வருவதில்லை.